ஊர்லயே இருக்கவா, சென்னைக்கு வண்டி ஏறவா? - அக்காகிட்ட கேளுங்க

இந்த தடவை வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். சென்னைக்கு வரலாமா, வந்தவங்க இருக்கலாமா, இருக்கறவங்க திரும்பிப் போகலாமா. காலேஜ் முடிச்ச பசங்க ஒரு பக்கம், ட்ரான்ஸ்ஃபர் ஆன குடும்பங்க ஒரு பக்கம்னு இந்த சீசன்ல எப்பவும் வர்றதுதான். அதனால மாமியார் கேள்வி, முடி கொட்டுற கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சாச்சு, அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. பி.காம் முடிச்சுட்டு எங்க ஊர்லயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், சம்பளம் 14,000. டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் நானே பண்ணுவேன். இப்ப சென்னை பெருங்குடியில ஒரு கம்பெனியில மாசம் 26,000க்கு ஆஃபர் வந்திருக்கு. அம்மா போகச் சொல்றாங்க. அப்பா "வீட்டுச் சோத்த விட்டுட்டு அங்க போய் என்னத்த மிச்சம் பிடிக்கப் போற"ன்னு கேக்குறாரு. ஆவடியில சித்தப்பா வீடு இருக்கு, அங்க தங்கிக்கலாம்னு நினைக்கிறேன். போகவா வேண்டாமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, உங்க அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அதுக்கு பேப்பர்ல கணக்கு போட்டு பதில் சொல்லிட்டு அப்புறம் பொதிகை ரயில்ல ஏறுங்க.

முதல்ல அந்த 26,000 கையில வர்றதா, சி.டி.சி.யான்னு கேளுங்க. சி.டி.சி.ன்னா உங்களுக்காக கம்பெனி பண்ற மொத்த செலவு, அதுக்குள்ள கம்பெனி கட்டுற பி.எஃப்.பும் சேந்தே இருக்கும். பல கம்பெனியில 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம்னு கணக்கு வெப்பாங்க, கம்பெனி பங்கு 1,800, உங்க பங்கு 1,800, ஆக 3,600 கழிஞ்சுடும். சில இடத்துல கிராஜுவிட்டியையும் இதுலயே எழுதி வெச்சிருப்பாங்க. தொழில் வரி வேற. கைக்கு வர்றது 22,000 பக்கம்னு வெச்சுக்கோங்க. பி.எஃப். உங்க காசுதான், ஆனா மாசக் கடைசியில அத எடுத்து சாப்பிட முடியாதுல்ல.

இப்ப செலவு. பெருங்குடி பக்கம் மூணு பேர் ஷேரிங் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி), சாப்பாட்டோட 8,000ன்னு வைங்க, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். பி.ஜி. சாப்பாடு மூணாவது வாரம் தொண்டைக்குள்ள இறங்காது, வெளிய சாப்பாடு, டீ, ஞாயித்துக்கிழமை பிரியாணி எல்லாம் சேத்து 3,000. பஸ் பாஸ் 1,000. போன், சோப்பு, துணி துவைக்க, முடி வெட்டன்னு 1,500. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போறத மாசத்துக்கு ஆயிரம்னு எழுதுங்க. கூட்டினா 14,500. மிச்சம் 7,500. ஊர்ல 14,000 வாங்கி, அம்மாகிட்ட 4,000 குடுத்து, பெட்ரோல் போன் டீ எல்லாம் போக கையில என்ன நிக்குதோ அதுவும் ஏறக்குறைய இதேதான். அதனால முதல் வருஷத்த மட்டும் பாத்தா அப்பா சொல்றதுதான் ரைட்டு, சென்னைக்கு வந்தா காசு கொட்டும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்ப எதுக்கு வரணும்? அடுத்த வேலைக்காக. சங்கரன்கோவில்ல உங்க ஆடிட்டர விட்டா இன்னும் நாலஞ்சு ஆபீஸ் இருக்கும், தறி சேலைக் கடைங்கள்ல கணக்கு எழுதற வேலை இருக்கும். ஆனா நீங்க எங்க போய் 18,000 கேட்டாலும் அவங்க முதல்ல உங்க சாருக்குத்தான் போன் போடுவாங்க, "உங்க பையன் வந்திருக்கான், அனுப்பவா?"ன்னு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதுல பாதுகாப்பும் இருக்கு, சம்பளம் ஏறாம நிக்கறதும் இருக்கு. சென்னையில மூணு வருஷம் ஒழுங்கா வேலை பாத்தீங்கன்னா கிண்டி, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர்னு இன்டர்வியூ போய்ட்டே இருக்கலாம், இந்தக் கம்பெனி மூடினாலும் அடுத்த மாசம் வேற இடம் தேட வழி இருக்கு. பெரிய ஊர் விக்கிற சரக்கு அந்த ஒண்ணுதான். அத வாங்காம ஒரே நாற்காலியில அஞ்சு வருஷம் உக்காந்துட்டு "சென்னையில ஒண்ணும் மிச்சமில்ல"ன்னு சொல்றவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அவங்க வாடகை மட்டும் கட்டிட்டு சரக்க கடையிலயே விட்டுட்டு வந்தவங்க.

அதனால என்ன வேலைன்னு தெளிவா கேளுங்க. அக்கவுண்ட்ஸ்லயே போடுறாங்களா, இல்ல கால் சென்டர் மாதிரி ராத்திரி ஷிஃப்டா, டேட்டா என்ட்ரியா? நீங்க மாசாமாசம் 11ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ம் தேதி 3பி-ன்னு ஓடி ஓடிக் கத்துக்கிட்ட தொழில் கையில இருக்கு. அத விட்டுட்டு வெறும் காப்பி-பேஸ்ட் வேலைக்கு 26,000 குடுத்தா வராதீங்க, மூணு வருஷம் கழிச்சு அந்த அனுபவத்த யாரும் கேக்க மாட்டாங்க.

இனி சித்தப்பா வீடு. வேண்டாம் தம்பி. ஆவடி சென்னையோட ஒரு மூலை, பெருங்குடி இன்னொரு மூலை. ஆவடியில எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி சென்ட்ரல்ல இறங்கி, பார்க் டவுன் போய் பறக்கும் ரயில் பிடிச்சு பெருங்குடி ஸ்டேஷன்ல இறங்கணும். அங்க இறங்கினாலும் கம்பெனிங்க இருக்கற ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் ரோடு) வாசல்ல இருக்காது, ஷேர் ஆட்டோ பாக்கணும். ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரம் பக்கம் ஆயிடும். ஒரு நாளைக்கு நாலு, மாசம் 25 நாள்னா 100 மணி நேரம், அதாவது நாலு முழு நாள் நின்னுக்கிட்டே போகுது. பி.ஜி.க்கு குடுக்குற 8,000 சாப்பாட்டுக்கும் கட்டிலுக்கும் மட்டும் இல்ல, அந்த 100 மணி நேரத்துக்கும் சேத்துதான். சித்தி ரெண்டு மாசம் சந்தோஷமா சோறு போடுவாங்க, மூணாவது மாசம் நீங்க ராத்திரி 10 மணிக்கு கதவ தட்டும்போது அவங்க முகத்துல ஒண்ணு தெரியும், அதுக்கு அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது. ஞாயித்துக்கிழமை பழம் வாங்கிட்டு போய் பாருங்க, உறவு நல்லா இருக்கும்.

இன்னொண்ணு, முதல் சம்பளம் வர 30, 40 நாள் ஆகும், பி.ஜி.யில அட்வான்ஸ் ஒரு மாசமாவது கேப்பாங்க. கையில 30,000 இல்லாம கிளம்பாதீங்க. அத அப்பாகிட்ட கடனா வாங்கிக்கோங்க, கேட்டா குடுப்பாரு, கணக்கு கேக்குற அப்பாங்க பொதுவா குடுக்குற அப்பாங்கதான்.

கேள்வி: என் கணவருக்கு சென்னைக்கு மாற்றல். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வீடு பாக்குறோம். ஒரு வீட்டுக்காரர் பத்து மாச வாடகை அட்வான்ஸ் கேக்குறார், கரன்ட்டுக்கு யூனிட்டுக்கு இவ்ளோன்னு தனியா தரணுமாம். இதெல்லாம் சட்டப்படி சரியா? வீடு பாக்கும்போது என்னென்ன கவனிக்கணும்?
- வாசகி, திருவாரூர்

பதில்: பத்து மாச அட்வான்ஸ்ங்கறது சென்னையோட பழைய வழக்கம், புரோக்கர் கேட்டா ஏதோ வேதத்துல இருக்கற மாதிரி சொல்வாரு. 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதுன்னு இருக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா தவிர. அந்த "தவிர"லதான் எல்லாரும் வண்டி ஓட்டுறாங்க. எழுதிக் கையெழுத்து போட்ட ஒப்பந்தம் வேணும், அத வாடகை ஆணையத்துல பதிவு பண்ணணும்னும் சட்டத்துல இருக்கு. சட்டத்த நீட்டி சண்டை போட்டா அந்த வீடு கிடைக்காது, அதனால "மூணு மாசம் தர்றோம், சரி அஞ்சு"ன்னு பேசிப் பாருங்க, நெறய பேர் இறங்கி வர்றாங்க. எவ்ளோ குடுத்தாலும் பேங்க் வழியா குடுங்க. காலி பண்ணும்போது பெயின்ட்டுக்கு எவ்ளோ பிடிப்பாங்கன்னு இப்பவே எழுதி வாங்குங்க, கிளம்புற அன்னிக்குத்தான் நிறைய வீட்டுல சண்டையே ஆரம்பிக்குது.

கரன்ட் விஷயத்துல ஒரு வேலை பண்ணுங்க. உங்க போர்ஷனுக்கு தனி மீட்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஈ.பி. பில்ல நீங்களே ஆன்லைன்ல கட்டுறோம்னு சொல்லுங்க, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் வரைக்கும் வீட்டு இணைப்புக்கு இலவசம், அது உங்களுக்கே வரணும். சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 8, 10னு ஒரே ரேட்டா வாங்குற வீட்டுல அந்த 100 யூனிட் யாருக்கு போகுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏ.சி. ஓட்டுற குடும்பம்னா மே மாச பில்லு கண்ண கட்டும்.

இப்ப முக்கியமானது, தண்ணி. சென்னையில தண்ணி இல்லாமயும் கஷ்டம், வந்தாலும் கஷ்டம். 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வத்திப் போய், ஜூலையில ஜோலார்பேட்டையிலேந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2015 டிசம்பர்ல, செம்பரம்பாக்கத்துல திறந்து விட்டு அடையாறு ஓரம் மாடி வரைக்கும் தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாலஞ்சு நாள் கரன்ட் இல்லாம ஜனங்க தவிச்சாங்க. நீங்க பாக்குற ஏரியா முழுக்க பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த ஒட்டின இடம், மழைத் தண்ணி அங்கதான் போய் நிக்கணும்னு இயற்கை வெச்சிருக்கு, நடுவுல நாம ஃபிளாட் கட்டி வெச்சிருக்கோம்.

அதனால வீட்ட சாயங்காலம் போய் பாருங்க, காலையில போனா மோட்டார் போட்டு டேங்க நிரப்பி வெச்சு காட்டுவாங்க. சமையல்கட்டு குழாய திறந்து ஒரு கை தண்ணி எடுத்து வாயில வெச்சுப் பாருங்க, உப்பு தெரிஞ்சா மாசாமாசம் கேன் தண்ணிக்குன்னு ஒரு தொகை தனியா வைக்கணும், உங்க தலைமுடிக்கும் சேத்து. பாத்ரூம் குழாய்ல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க. கீழ இறங்கி காம்பவுண்ட் சுவர பாருங்க, தண்ணி நின்ன இடத்துல கோடு மாதிரி ஒரு கறை இருக்கும், புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா பக்கத்து வீட்டு சுவர பாருங்க, ரெண்டு வீட்டுக்காரரும் ஒரே நேரத்துல பெயின்ட் அடிக்க மாட்டாங்க. கடைசியா தெருமுனை மளிகைக் கடையில ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டே "அண்ணே மிக்ஜாம் அப்ப இங்க எதுவரைக்கும் வந்துச்சு"ன்னு கேளுங்க. கடைக்காரர் கைய இடுப்புல வெச்சா கிரவுண்ட் ஃப்ளோர் வேண்டாம். புரோக்கர கேட்டா "இங்க சொட்டு நிக்காது மேடம்"னுதான் வரும்.

முதல் மாடிக்கு 1,000 ரூபா கூட கேட்டா குடுத்துடுங்க.

கேள்வி: கையில காசே இல்லாம சென்னையில ஒரு மாசம் தாக்குப் பிடிக்க முடியுமா அக்கா?
- வாசகர், அரியலூர்

பதில்: சாப்பாட்டுக்கு முடியும். 2013ல ஆரம்பிச்ச அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் அஞ்சு ரூபாய், தயிர் சாதம் மூணு ரூபாய். ஒரு நாளைக்கு 20 ரூபாய்ல வயிறு நிறையும். படுக்கறதுக்கு முடியாது. ஒரு ஃப்ரெண்டு ரூம்ல பாய் போட இடம் இருக்கான்னு உறுதி பண்ணிட்டு வாங்க, அவன்கிட்ட மட்டும் கேக்காம அவன் ரூம்மேட்டுகிட்டயும் கேட்டுடுங்க.

கேள்வி: எனக்கு 23 வயசு. சென்னையில வேலை கிடைச்சிருக்கு, நல்ல கம்பெனி. வீட்டுல "பொம்பளப் புள்ளைய தனியா அந்த ஊர்ல விட முடியாது, அங்க பக்கத்து வீட்டுல செத்தாக்கூட கேக்க மாட்டாங்க"ன்னு அம்மா அழுறாங்க. அவங்கள எப்படி சமாதானம் பண்றது?
- வாசகி, சின்னமனூர்

பதில்: அழுற அம்மாவ பேச்சுல சமாதானம் பண்ண முடியாது. ஹாஸ்டல பாத்து முடிவு பண்ண ஒரு தடவை அவங்களயும் கூட்டிட்டு வாங்க. கட்டில், பாத்ரூம் தாழ்ப்பாள், வார்டன் மூஞ்சி, சமையல்கட்டு நாலயும் அம்மா கண்ணால பாத்துட்டா பாதி பயம் போயிடும். நீங்க பாக்காததயும் அவங்க பாப்பாங்க.

அரசாங்கமே நடத்துற "தோழி" விடுதிங்க இருக்கு, வேலைக்குப் போற பெண்களுக்குன்னே, தாம்பரம், கூடுவாஞ்சேரி மாதிரி இடங்கள்ல. முதல்ல அதுல இடம் இருக்கான்னு ஆன்லைன்ல பாருங்க. தனியார் ஹாஸ்டல்னா 2014 சட்டப்படி கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கணும், அந்த சர்டிஃபிகேட்ட காட்டச் சொல்லுங்க. "அதெல்லாம் இருக்கு மேடம்"னு வாயால சொன்னா போதாது. சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கறவங்களும் இருக்காங்க, கேட்டதும் முகம் மாறறவங்களும் இருக்காங்க, அந்த முகத்த வெச்சே முடிவு பண்ணிடலாம். ஏரியா நல்ல ஏரியாவான்னு கேக்கறதோட நிறுத்திக்காதீங்க, பஸ் ஸ்டாப்லேந்து ஹாஸ்டல் கேட் வரைக்கும் உள்ள அந்த அஞ்சு நிமிஷ நடைய ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை நடந்து பாருங்க, லைட் இருக்கா, கடை திறந்திருக்கான்னு. டீக்கடையும் மெடிக்கல் ஷாப்பும் இருக்கற தெரு, பெரிய பங்களாவா இருக்கற அமைதியான தெருவ விட நல்லது. சாதா பஸ்ஸுல 2021லேந்து பெண்களுக்கு இலவசம், எலக்ட்ரிக் ட்ரெயின்ல லேடீஸ் பெட்டி இருக்கு, பெண்கள் உதவிக்கான 181 நம்பர போன்ல போட்டு வெச்சுக்கோங்க.

"யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு அம்மா சொல்றது நிஜம்தான், ஆனா அதுல ரெண்டு பக்கம் இருக்கு. சின்னமனூர்ல நீங்க ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸ விட்டு இறங்கினா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அம்மாவுக்கு மூணு பேர் சொல்லியிருப்பாங்க. இங்க நீங்க என்ன ட்ரெஸ் போட்டீங்க, யாரோட டீ குடிச்சீங்க, ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு கேக்க ஆள் இல்ல. முதல் ஆறு மாசம் அது ஒரு பெரிய நிம்மதி. ஆனா 102 டிகிரி காய்ச்சல்ல படுத்திருக்கும்போதும் கேக்க ஆள் இருக்காது, ரூம்மேட் "டேக் கேர்"னு சொல்லிட்டு ஷிஃப்ட்டுக்கு போயிடுவா. அதனால வந்த முதல் மாசத்துலயே ரெண்டு பேர பிடிச்சு வெச்சுக்கணும், ஒருத்தர் ஹாஸ்டல்ல, ஒருத்தர் ஆபீஸ்ல, அர்த்த ராத்திரியில எழுப்பினாலும் வர்ற மாதிரி. அந்த ரெண்டு பேர் நம்பரையும் அம்மாகிட்ட குடுங்க, அம்மாவும் அப்பப்ப அவங்ககிட்ட பேசட்டும்.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 படிக்கிறேன். எல்லாரும் சென்னை அண்ணா நகர் போய் கோச்சிங் சேந்தாதான் பாஸ் ஆக முடியும்னு சொல்றாங்க. நிலத்த ஒத்திக்கு வெச்சு அனுப்ப அப்பா ரெடி.
- வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: நிலத்துல கை வைக்காதீங்க. குரூப் 4க்கு பத்தாவது தரத்துல பாடம், ஸ்கூல் புக்க திருப்பித் திருப்பி படிக்கறதுதான் வேலை. உங்க மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கும், இலவசமா கிளாஸ் எடுப்பாங்க, மாதிரித் தேர்வு வெப்பாங்க, முதல்ல அங்க போய் பேர் குடுங்க. சென்னையில எனக்கு பிடிச்ச ஒரு இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010ல திறந்தது, சொந்தப் புத்தகம் கொண்டு போய் படிக்கறதுக்குன்னே தனி ஹால் இருக்கு, காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடியே பசங்க பையோட நிப்பாங்க. அந்த கூட்டத்தோட உக்காந்து படிக்கற வேகம் வீட்டுல வராதுங்கறது உண்மை. ஆனா அதுக்காக மாசம் பத்தாயிரம் செலவழிக்கணுமா? மதுரையில 2023ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தாச்சு, உங்களுக்கு தர்மபுரியிலயே மாவட்ட நூலகம் இருக்கு, நாலு பேர் சேந்து தினமும் அங்க போய் உக்காருங்க. யு.பி.எஸ்.சி.ன்னா வேற பேச்சு, அப்ப எழுதுங்க.

கேள்வி: 12 வருஷமா சென்னையில இருக்கோம், ஐ.டி. வேலை, மடிப்பாக்கத்துல வாடகை வீடு. இப்ப கம்பெனியில மாசத்துக்கு நாலு நாள் வந்தா போதும்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு 70 வயசு, சர்க்கரை, முட்டி வலி, தனியா இருக்காங்க. சொந்த ஊரான தஞ்சாவூருக்கே போயிடலாம்னு பாக்குறேன். வாடகை மிச்சம், நல்ல காத்து, பையனுக்கு தாத்தா பாட்டி ஊர்னு ஒண்ணு இருக்கும், நிம்மதியா இருக்கலாம். மனைவியும் சம்மதிப்பார். உங்க கருத்து என்ன?
- வாசகர், சென்னை

பதில்: சார், உங்க லெட்டர் ரெண்டு பக்கம். அதுல உங்க வேலை, உங்க அம்மா, உங்க பையன், அந்த ஊர் காத்து எல்லாம் பத்தி பத்தியா வருது. உங்க வீட்டம்மா ஒரே ஒரு வரியில வர்றாங்க, "மனைவியும் சம்மதிப்பார்"னு. அவங்க என்ன வேலை பாக்குறாங்க, பாக்குறாங்களா இல்லையான்னுகூட நீங்க எழுதல. அதனால என் முதல் பதில், அவங்கள கேட்டீங்களா?

ஊருக்கு திரும்பறதுன்னா ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு வேற. நீங்க தஞ்சாவூர் போனா பழைய ஃப்ரெண்ட்ஸ், சாயங்காலம் பெரிய கோவில் புல்தரை, டீக்கடை பெஞ்சு. அவங்க போனா மருமக. இங்க அவங்க ஸ்கூட்டிய எடுத்துட்டு நாலு தெரு சுத்திட்டு வருவாங்க, பால் வாங்க நைட்டி மேல துண்ட போட்டுட்டு போவாங்க, ஒரு நாள் சமைக்க முடியலன்னா தோசை மாவு பாக்கெட்டோட முடிச்சுடுவாங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அங்க வாசல்ல கோலம் போடாத நாளுக்கு காரணம் சொல்லணும். சொந்தக்காரங்க வீட்டு காது குத்து, வளைகாப்பு, பதினாறாம் நாள் காரியம் எல்லாத்துக்கும் பட்டுப்புடவை கட்டிட்டு போய் நிக்கணும், நீங்க "எனக்கு மீட்டிங் இருக்கு"ன்னு ரூம் கதவ சாத்திக்குவீங்க. அம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை குடுக்கறது, முட்டிக்கு எண்ணெய் தேய்க்கறது, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறது யாரு? நீங்க லேப்டாப்ல இருப்பீங்க. அவங்கதான. நிம்மதியா இருக்கலாம்னு எழுதியிருக்கீங்க, யாருக்குன்னு எழுதல.

இத வெச்சு போகாதீங்கன்னு சொல்லல. அம்மா தனியா இருக்காங்கங்கறது பெரிய விஷயம், மடிப்பாக்கத்துல மூணாவது மாடி ஃபிளாட்டுல கொண்டு வந்து உக்கார வெச்சா அந்த முட்டிய வெச்சுக்கிட்டு அவங்க ஜெயில்ல இருக்கற மாதிரி இருப்பாங்க. தஞ்சாவூர்ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, ஸ்கூல் நல்ல ஸ்கூல் இருக்கு, ராத்திரி உழவன் ரயில்ல ஏறினா விடிகாலையில சென்னை. 2024ல அங்கயே ஐ.டி. கம்பெனிங்களுக்குன்னு ஒரு மினி டைடல் பார்க் திறந்துட்டாங்க, சேலம், விழுப்புரத்துலயும் அதே வருஷம் வந்துச்சு, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஜோஹோங்கற சாஃப்ட்வேர் கம்பெனி 2011லேந்து ஆபீஸ் வெச்சு நடத்துது. அப்ப மாதிரி இல்ல, வெளிய வேலையே கிடையாதுன்னு இனி சொல்ல முடியாது.

ஆனா முதல் கேள்விக்கு சங்கரன்கோவில் தம்பிக்கு சொன்னது உங்களுக்கும் பொருந்தும், இந்த வேலை இல்ல, அடுத்த வேலை எங்க? இன்னிக்கு மாசம் நாலு நாள்னு சொன்ன கம்பெனி நாளைக்கு வாரம் அஞ்சு நாள்னு மெயில் அனுப்பும், கொரோனா முடிஞ்சதும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் வந்துச்சு, வீட்ட காலி பண்ணிட்டு ஊருக்குப் போனவங்க திரும்ப அட்வான்ஸ் கட்டி வந்தாங்க. சென்னை ஆபீஸுக்கு அஞ்சு நாளும் வரச் சொன்னா என்ன பண்ணுவோம்னு ரெண்டு பேரும் உக்காந்து இப்பவே பேசி வைங்க. வாடகை மிச்சம்னு எழுதியிருக்கீங்களே, அந்த மிச்சத்த ஒரு வருஷம் தொடாம தனியா வெச்சா வேலை போனா ஆறு மாசம் தாங்கும், கார் லோன் போட்டா தாங்காது. ஊருக்கு போனவங்க முதல்ல வாங்கறது கார்தான், ஏன்னு தெரியல.

அதோட, நடுராத்திரி கரன்ட் போய் நெட் போய் வெளிநாட்டு கிளையன்ட் கால்ல தொங்கிட்டு இருக்கற அனுபவம் எப்படின்னு போகறதுக்கு முன்னாடியே பாத்துடலாம். மே மாச லீவுல பையனயும் கூட்டிட்டு ஒரு மாசம் முழுசா அங்க இருந்து வேலை பாருங்க, விருந்தாளியா இல்லாம குடித்தனமா. சமையல்கட்ட அம்மா நடத்துறாங்களா, இவங்க நடத்துறாங்களாங்கறது அந்த ஒரு மாசத்துல தெரிஞ்சுடும். திரும்பி வந்ததும் வீட்டம்மாவ ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க எனக்கு. நீங்க படிக்காம அனுப்புங்க.

கேள்வி: என் மகன் அம்பத்தூர் எஸ்டேட்டுல வேலை பாக்குறான். போன் பண்ணா "அப்புறம் பேசுறேம்மா"ன்னு வெச்சுடுறான். பட்டணம் போனதும் மாறிட்டானோ?
- வாசகி, முசிறி

பதில்: நீங்க சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு கூப்பிடுறீங்கன்னு நினைக்கிறேன். அந்த நேரத்துல அவன் ஒரு கையில கம்பிய பிடிச்சுட்டு எலக்ட்ரிக் ட்ரெயின்ல நசுங்கிட்டு இருப்பான், பேசினா பக்கத்துல இருக்கற பத்து பேரும் கேப்பாங்க. ஷிஃப்ட் என்னன்னு கேட்டு வெச்சுட்டு ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மேல கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டான். ஊர்லேந்து யாராவது வந்தா பருப்புப் பொடியும் வத்தக்குழம்பு தொக்கும் குடுத்து விடுங்க, அன்னிக்கு அவனே போன் பண்ணுவான் பாருங்க.

கேள்வி: வருஷா வருஷம் தீபாவளிக்கு நாகர்கோவில் போக டிக்கெட் கிடைக்காம ஆம்னி பஸ்ஸுக்கு மூணு மடங்கு குடுத்து போறேன். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க.
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: முழு வழி இல்ல, இருக்கறத சொல்றேன். ரயில் முன்பதிவு 2024 நவம்பர்லேந்து 120 நாள் இல்ல, 60 நாள்தான். உங்களுக்கு வேணும்ங்கற தேதியிலேந்து 60 நாள் பின்னாடி எண்ணி காலண்டர்ல வட்டம் போடுங்க, அன்னிக்கு காலையில 8 மணிக்கு ரெடியா உக்காரணும், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எல்லாம் நிமிஷத்துல வெயிட்டிங்குக்கு போயிடும். தீபாவளிக்கு முந்தின நாள விட்டுட்டு ரெண்டு நாள் முன்னாடி பாருங்க, ஒரு நாள் லீவு கூட ஆனாலும் ஆம்னி பஸ் காச விட கம்மிதான். நேரா கிடைக்கலன்னா மதுரை வரைக்கும் ரயில், அங்கேந்து கவர்மென்ட் பஸ். உங்களுக்கு ஒரு வசதி, கோயம்பேடு வரைக்கும் போக வேண்டியதில்ல, 2023 கடைசியில கிளாம்பாக்கம் திறந்ததுலேந்து தெற்கு பஸ் எல்லாம் அங்கேந்துதான், குரோம்பேட்டைக்கு அது பக்கம். வட சென்னைக்காரங்க இன்னும் திட்டிட்டு இருக்காங்க.

தட்கல் ரயில் கிளம்பறதுக்கு முந்தின நாள் காலையில, ஏ.சி.க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலைலேந்து ஆன்லைன் தட்கலுக்கு உங்க ஐ.ஆர்.சி.டி.சி. கணக்குல ஆதார் சரிபார்த்திருக்கணும். அத அன்னிக்கு காலையில பண்ணிக்கலாம்னு விட்டீங்கன்னா ஓ.டி.பி. வர்றதுக்குள்ள டிக்கெட் போயிடும், இந்த வாரமே பண்ணி வைங்க.